நோம்பிக்கு ஊருக்குப் போகத்தான் வேண்டுமா?

கேள்வி: நாங்கள் திருப்பூரில் லைன் வீட்டில் குடியிருக்கிறோம். நானும் வீட்டுக்காரரும் பனியன் கம்பெனி வேலை. நான் செக்கிங், அவர் கட்டிங். ஷிப்மென்ட் நேரத்தில் வாரம் முழுக்க ஒண்ணரை ஷிப்ட்டுதான். மூத்தவள் ஆறாம் வகுப்பு, சின்னவன் இரண்டாம் வகுப்பு. ஐந்தாவது வரை மூத்தவள் கலகலப்பாக இருந்தாள். ஜூனில் பெரிய பள்ளிக்கு மாற்றியதிலிருந்து ஒட்டவே இல்லை. கேட்டால் "எனக்கு அங்க யாருமே இல்லம்மா" என்கிறாள். வீட்டுக்கு வந்தால் போனும் கையுமாக இருக்கிறாள். மூலனூர்ப் பக்கம் எங்கள் அம்மா வீட்டுக்குப் பொங்கல் நோம்பிக்குப் போனால் மட்டும் ஆளே மாறிவிடுகிறாள். காப்புக் கட்டுவாள், அம்மாயியோடு, அதாவது எங்கள் அம்மாவோடு, ஆடு ஓட்டிப் போவாள், பட்டிப் பொங்கலுக்குச் சாணி கரைப்பாள். இந்த வருஷம் போக வேண்டாம், செலவு, அலைச்சல், கிடைக்கிற லீவில் நிம்மதியாகத் தூங்கலாம் என்கிறார் வீட்டுக்காரர். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நோம்பியெல்லாம் அவசியமுங்களா? நான்தான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேனா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பொங்கலுக்கு ஊருக்குப் போய்வாருங்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் லீவு சொல்வதற்கும் ஊருக்குத் தகவல் கொடுப்பதற்கும் உங்களுக்கு நேரம் வேண்டும். உங்கள் வீட்டுக்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவருக்கும் தோதான ஒரு வழி சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். "எனக்கு யாருமே இல்லை" என்று ஒரு பிள்ளை சொன்னால், பல நேரம் அது தோழி கிடைக்காத வருத்தம்தான். சில நேரம் அதன் பின்னால் வேறு ஏதாவது இருக்கும். வகுப்பில் யாராவது கேலி செய்யலாம். பஸ்ஸிலோ வழியிலோ தொந்தரவு இருக்கலாம். போர்டில் எழுதுவது கண்ணுக்குச் சரியாகத் தெரியாமல் இருக்கலாம். எதிரே உட்காரவைத்து விசாரித்தால் பிள்ளைகள் "ஒண்ணுமில்லை" என்று முடித்துவிடுவார்கள். இருவர் கையிலும் ஏதாவது வேலை இருக்கும்போது கேளுங்கள். "மத்தியானம் யார் பக்கத்துல உக்காந்து சாப்பிட்ட கண்ணு?" "பி.டி. பீரியட்ல என்ன வெளையாடுவீங்க?" இப்படிச் சின்னச் சின்னதாக. அவள் பதிலில் பயம் தெரிந்தால் நான் கீழே எழுதுவதையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு வகுப்பாசிரியரைப் போய்ப் பாருங்கள்.

அப்படி ஏதும் இல்லையென்றால், ஆறாம் வகுப்பு என்பதே ஒரு காரணம்தான். ஐந்தாவது வரை பெரும்பாலும் ஒரே டீச்சர் நாள் முழுக்கக் கூட இருப்பார். பிள்ளை முகம் வாடியிருந்தால் அவருக்குத் தெரிந்துவிடும். ஆறாவதில் பாடத்துக்கு ஒருவர் வந்து போகிறார்கள். பழைய வகுப்புப் பிள்ளைகளும் நாலு பள்ளிக்குப் பிரிந்து போயிருப்பார்கள். காலையில் போய் மாலை திரும்பும்வரை இவள் வந்தாளா, வரவில்லையா என்று எதிர்பார்க்கிற ஆள் அங்கே யாரும் இல்லை. வீட்டுக்கு வந்தால் நீங்கள் இருவரும் வேலையில். உங்கள் மேல் குறை சொல்லவில்லை. ஷிப்ட்டு முடியாமல் யாரும் கிளம்பி வர முடியாது.

இப்போது உங்கள் கடிதத்தை நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். ஊரில் அவள் செய்வதாக என்னென்ன எழுதியிருக்கிறீர்கள்? கட்டுகிறாள், ஓட்டிப் போகிறாள், கரைக்கிறாள். திருப்பூர் வீட்டில் அவள் செய்வதாக எழுதியிருப்பது போன் பார்ப்பது ஒன்றுதான். ஊரில் அவளுக்கு வேலை இருக்கிறது, அவள் கைக்காக ஆட்கள் காத்திருக்கிறார்கள். இங்கே அவள்தான் நீங்கள் வரும்வரை காத்திருக்கிறாள். ஆள் மாறுவதற்குக் காரணம் அம்மாயி வீட்டுக் காற்று மட்டும் இல்லைங்க.

பட்டிப் பொங்கலையே எடுத்துக்கொள்வோம். பட்டிக்குள் சாணியால் கரை கட்டிச் சின்னதாகத் தெப்பக்குளம் செய்ய வேண்டும். கரை உடையாமல் நிற்க வேண்டுமென்றால் சாணி பதமாக இருக்கணும். தண்ணீர் ஊற்றி, ஆவாரம்பூவும் பூளைப்பூவும் தூவி, பொங்கல் வைத்துச் சாமி கும்பிட்ட பிறகு மாட்டைக் கொண்டுவந்து அதை மிதித்துத் தாண்டவைப்பார்கள். மாடு மிரளும். இழுக்க ஒருவர், பின்னாலிருந்து தட்டிக்கொடுக்க ஒருவர், ஓரத்தில் நின்று சத்தம் போட நாலு பொடிசுகள். பிறகு தட்டைத் தட்டிக்கொண்டு "பட்டி பெருக, பால்பானை பொங்க, நோவும் பிணியும் தெருவோடு போக" என்று பட்டியைச் சுற்றி வருவார்கள். அந்த மாலையில் வேடிக்கை பார்க்க மட்டும் என்று ஒரு பிள்ளைகூட இருக்காது. சாணி கரைத்தது இவள் என்றால், கரை நின்றதும் இவளால்தான். அதை அப்புச்சி, அதாவது உங்கள் அப்பா, நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டால், பிள்ளைக்கு வேறு சர்டிபிகேட் தேவையில்லை.

நான் பார்க்கும் பிள்ளைகளில் காவிரிக் கரைப் பக்கத்துப் பிள்ளைகள் ஆடி 1 பற்றிப் பேசினால் நிறுத்தவே மாட்டார்கள். அன்றைக்குத் தேங்காய் சுடுவார்கள். தேங்காயின் நாரை உரித்து, ஓட்டைத் தரையில் தேய்த்து வழவழப்பாக்கி, கண்ணைத் திறந்து, தண்ணீரில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு, அவல், வெல்லம், எள், பொட்டுக்கடலை, பாசிப்பருப்பு எல்லாம் உள்ளே போட்டு, அழிஞ்சிக் குச்சியில் செருகி மஞ்சள் பூசி, தெருவே கூடித் தீயில் வாட்டுவார்கள். தேய்ப்பதிலிருந்து உடைப்பது வரை முக்கால்வாசி வேலை பிள்ளைகள் கையில். வீட்டுக்கு வீடு தீபாவளிக்கு எவ்வளவோ செலவழிக்கிறோம். ஆனால் பிள்ளைகள் எனக்கு விலாவாரியாகச் சொல்வது இந்த ஒரு தேங்காய்ச் செலவுப் பண்டிகையைத்தான்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நோம்பி அவசியமா என்றால், நல்லது என்ற பக்கம்தான் ஆய்வுகளும் சாய்கின்றன. பார்பரா ஃபீஸ் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும், குடும்ப வழக்கங்களைப் பற்றி 50 ஆண்டுகளில் வந்த ஆய்வுகளைத் திரட்டி 2002இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அன்றாட வழக்கம் வேறு, சடங்கு வேறு என்று அதில் பிரித்துக் காட்டுகிறார்கள். சாப்பிடுவது, பல் விளக்குவது, படுப்பது போன்றவை நேரத்துக்கு நடந்தால் வீடு ஒழுங்காக ஓடும். சடங்கு, நாம் யார், யாரோடு சேர்ந்தவர்கள் என்பதைப் பிள்ளைக்குச் சொல்கிறது. ஒரே காரியம் இரண்டாகவும் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை அரிசிம்பருப்பு சாதம் வெறும் சாப்பாடாகவும் இருக்கலாம், "எங்க வீட்டு ஞாயித்துக்கிழமை" என்று பிள்ளை பெருமையாகச் சொல்கிற ஒன்றாகவும் ஆகலாம். இரண்டும் உள்ள வீட்டுப் பிள்ளைகள் பொதுவாகத் தெம்பாக இருப்பதை அந்த ஆய்வுகள் காட்டுகின்றன. இதனால்தான் அது என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. வீட்டில் மற்றதெல்லாம் நன்றாக இருப்பதால்கூட வழக்கங்கள் நிலைத்திருக்கலாம். ஆனாலும் காசில்லாமல் செய்யக்கூடிய காரியம், கெடுதல் ஒன்றும் இல்லை.

சரி, திருப்பூர் வீட்டுக்கு வருவோம். மூன்று நாள் நோம்பியை நம்பி மீதி வருஷத்தை ஓட்ட முடியாது.

காலையில் அவளுக்கு யார் சடை பின்னுகிறீர்கள்? ஆறாம் வகுப்பு, ரெட்டைச் சடை, ரிப்பன் மடித்துக் கட்ட வேண்டும். எட்டரை ஷிப்ட்டுக்கு ஓடுகிற அவசரத்தில் அது "அசையாம இரு" என்ற அதட்டலோடு முடிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பத்து நிமிஷத்தை மட்டும் எனக்குக் கொடுங்கள். ஒண்ணரை ஷிப்ட்டானாலும் ஒரு ஷிப்ட்டானாலும் சடை பின்னாமல் அவள் பள்ளிக்குப் போக முடியாது. அதனால் இந்த வழக்கம் ஓவர்டைமில் அடிபட்டுப் போகாது. அவள் முகம் உங்களைப் பார்த்து இருக்காது, அதுவும் நல்லதுதான். பதினோரு வயதில் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததைப் பிள்ளைகள் முதுகைக் காட்டிக்கொண்டு சொல்லிவிடுவார்கள். அந்த நேரத்தில் ஹோம்வொர்க், மார்க்கு, நேற்றுச் செய்த தப்பு எதுவும் வேண்டாம். நீங்கள் சின்னவளாக இருந்தபோது உங்கள் அம்மா எப்படிப் பின்னுவார் என்று சொல்லுங்கள். அவள் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் சும்மா பின்னுங்கள். முதல் வாரம் பேசமாட்டாள். பரவாயில்லை.

இரவில் இதைச் செய்யச் சொல்லவில்லை. காரணம் தூக்கம். அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016இல் வெளியிட்ட பரிந்துரைப்படி 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 24 மணி நேரத்தில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். நீங்கள் ஒன்பது மணிக்கு மேல் வந்து, அவர்கள் உங்களுக்காக முழித்திருந்து, பேசிச் சிரித்துப் பதினொன்றுக்குப் படுத்தால், காலை ஆறரைக்கு எழும் பிள்ளைக்கு ஒன்றரை மணி நேரம் குறைகிறது. அந்தச் சிடுசிடுப்புதான் பள்ளியிலும் தோழியைத் தள்ளிவிடும். ஓவர்டைம் நாளில் பிள்ளைகள் சாப்பிட்டுப் படுத்துவிடட்டும். நீங்கள் வந்ததும் தலையைத் தடவிவிட்டு, அவள் நோட்டில் ஒரு வரி எழுதி வைத்துவிடுங்கள். "ரசம் நல்லா இருந்துச்சு" என்றாலும் போதும்.

ஒண்ணரை ஷிப்ட்டு எந்த நாள் என்று சில நேரம் உங்களுக்கே முன்கூட்டித் தெரியாது. தெரிந்தவரை ஞாயிறு சாயங்காலமே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். தினசரி காலண்டர் தாளில் ஓவர்டைம் நாளுக்கு ஒரு வட்டம் போடலாம். தாள் கிழிப்பது சின்னவன் வேலை. அம்மா எப்போது வருவாள் என்று தெரிந்த பிள்ளை வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்காது.

சனிக்கிழமை உங்கள் ஊருக்கே சம்பள நாள். அன்று ஏதாவது ஒன்று உங்கள் வீட்டு வழக்கமாகட்டும். பெரிய செலவு வேண்டாம். பேக்கரியில் தேங்காய் பன்னோ, தள்ளுவண்டிக் கடலையோ. அதை வாங்குவது மூத்தவள், பங்கு வைப்பது சின்னவன், அடுத்த வாரம் மாற்றி. ஞாயிறு அரிசிம்பருப்பு சாதத்துக்குச் சின்ன வெங்காயம் உரிப்பது, பூண்டு நசுக்குவது, அரிசியும் பருப்பும் அளந்து போடுவது பிள்ளைகள் பொறுப்பு. அளவு தப்பிக் குழைந்துவிட்டாலும் அன்றைக்கு அதைத்தான் எல்லோரும் சாப்பிட வேண்டும். உங்கள் வீட்டுக்காரர் அந்த ஒரு வேளை போனைத் தள்ளி வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தால் அதுவே பெரிய காரியம். அவரிடம் இன்னொன்றும் கேளுங்கள். அவர் ஏன் ஊரைவிட்டு வந்தார், முதன்முதலில் கம்பெனியில் சேர்ந்தபோது யார் சோறு போட்டார்கள், கையில் எவ்வளவு இருந்தது என்பதையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறாரா?

இதை ஏன் கேட்கிறேன் என்றால், அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்து மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் என்ற உளவியலாளர்கள் பிள்ளைகளிடம் 20 கேள்விகள் கேட்டார்கள். தாத்தா பாட்டி எந்த ஊரில் வளர்ந்தார்கள் தெரியுமா, அப்பாவும் அம்மாவும் எப்படிச் சந்தித்தார்கள் தெரியுமா என்ற மாதிரியான கேள்விகள். தங்கள் குடும்பக் கதை அதிகம் தெரிந்த பிள்ளைகளுக்குத் தன்மேல் மதிப்பும் நம்பிக்கையும் கூடுதலாக இருந்ததைக் கண்டார்கள். கேள்விகளை எழுதிவைத்து மனப்பாடம் பண்ணவைப்பதில் பிரயோசனம் இல்லை. கதை வந்துசேரும் வழிதான் மருந்து. சாப்பாட்டு நேரம், ஊருக்குப் போகும் பஸ், அம்மாயி வெங்காயம் உரிக்கும் திண்ணை. கிணறு வற்றியது, மாட்டை விற்றது, கடன் அடைத்தது எல்லாவற்றையும் சொல்லலாம். கஷ்டத்தை மறைக்க வேண்டாம். புதுப் பள்ளியில் தனியாக நிற்கும் பிள்ளைக்கு, புது ஊரில் அப்பா தனியாக நின்ற கதைதான் உதவும்.

இனி பொங்கல் பேச்சுக்கு வருகிறேன். உங்கள் வீட்டுக்காரருக்கு ஓய்வு வேண்டும், போகி நாள் கூட்டத்தில் தாராபுரத்தில் பஸ் மாறி ஏறுவது பெரும்பாடு. அதனால் போகியன்று காப்புக் கட்டுவதும் தை முதல் நாள் பொங்கலும் திருப்பூரிலேயே இருக்கட்டும். வேப்பிலை, ஆவாரை, பூளைப்பூ மார்க்கெட்டில் கட்டாகவே கிடைக்கும். உங்கள் லைன் வீட்டு வாசல் நிலைக்கு மூத்தவள்தான் காப்புக் கட்ட வேண்டும். பக்கத்து வீடுகளுக்கும் ஒரு கொத்து கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லுங்கள். அந்த லைனில் பீகார், ஒடிசாக்காரர்கள் இருந்தால் அவர்கள் வீட்டுக்கும். தை முதல் நாள் பொங்கல் வைத்துச் சாப்பிட்டுவிட்டு அவர் மதியம் முழுக்கத் தூங்கட்டும், யாரும் எழுப்பக்கூடாது. மறுநாள் காலை கிளம்பினால் பட்டிப் பொங்கலுக்கு ஊரில் இருக்கலாம். அதற்கு அடுத்த நாள் பூப்பறிக்கிற நோம்பி முடித்துவிட்டுத் திரும்பலாம். ஒரு ராத்திரிதான்.

பூப்பறிக்கிற நோம்பியை விட்டுவிடாதீர்கள். பெண்பிள்ளைகள் கூடிச் சோறு கட்டிக்கொண்டு கிளுவை வேலி ஓரமாகக் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்துப் பக்கம் போய், ஆவாரம்பூப் பறித்துக் கும்மி தட்டிவிட்டு வருகிற நாள். அவள் வயதுக்கென்றே அமைந்தது. பல ஊரில் இப்போது ஆள் சேர்வதில்லை. உங்கள் ஊரிலும் அப்படியென்றால் நாலு பிள்ளைகளை நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.

அம்மாயிக்கு இப்போதே போன் போட்டு ஒன்று சொல்லிவையுங்கள். தெப்பக்குள வேலையை யாரும் முன்னாலேயே முடித்துவிடக் கூடாது. "அம்மணி வந்துதான் கரை கட்டோணும்" என்று அவர் வாயாலேயே அவளிடம் சொல்லட்டும். அடுத்த வருஷமும் அவள்தான் என்றும் சொல்லட்டும்.

ஊரில் கவனிக்க வேண்டியதும் உண்டு. சொந்தபந்தம் கூடினால் "மார்க்கு எவ்வளவு? அவன் எவ்வளவு பாரு" என்று ஆரம்பிப்பார்கள். குறுக்கே புகுந்து பேச்சை மாற்றிவிடுங்கள். இன்னொன்று, நம் பக்கத்தில் கோயில், குலதெய்வம் என்று பேச ஆரம்பித்தால் "நம்ம ஆளுங்க, அவங்க ஆளுங்க" என்று பிள்ளைகள் காதுபடவே பேசுவது சகஜமாக இருக்கிறது. எனக்கு இதில் ஒளிவுமறைவு இல்லை, அந்தப் பேச்சு வேண்டாம். பள்ளியில் யாருமில்லை என்று நிற்கிற பிள்ளைக்கு, யாரோடெல்லாம் சேரக்கூடாது என்ற பட்டியலையும் கையில் கொடுத்தால் அவள் எங்கே போவாள்? தாய்வீட்டு நோம்பி அவளுக்குத் தெம்பைக் கொடுக்கட்டும். வேலி போட வேண்டாம்.

அந்தத் தெம்பைப் பள்ளிக்கும் கொண்டுபோக வழி இருக்கிறது. ஊரிலிருந்து வரும்போது கச்சாயமோ எள்ளுருண்டையோ ஒரு டப்பா அதிகமாகச் செய்து வாங்கி வாருங்கள். பள்ளி திறக்கும் நாளில் பக்கத்தில் உட்காரும் மூன்று பேருக்கு அவள் கையால் கொடுக்கட்டும். "என்ன இது?" என்று ஒருத்தியாவது கேட்பாள். திருப்பூர்ப் பள்ளிகளில் பல மாவட்டத்துப் பிள்ளைகள், இந்தி, ஒடியா பேசும் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் படிக்கிறார்கள். அவர்களிலும் நிறையப் பேர் ஊரைவிட்டு வந்தவர்கள்தான். அவர்கள் வீட்டு ரம்ஜானையும் சட் பூஜையையும் கேட்டுவரச் சொல்லுங்கள். வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லி, வருகைப் பதிவேடு எடுத்துவருவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது என்று அவளுக்கு நிலையான ஒரு பொறுப்புக் கேளுங்கள். ஊரில் நடந்ததுதான் இங்கேயும் நடக்க வேண்டும், அவள் வராத நாளில் "எங்கே அவள்?" என்று யாராவது கேட்க வேண்டும்.

வள்ளிக்கும்மி வகுப்பு இப்போது கொங்கு நாட்டில் பல ஊரில் நடக்கிறது. கோவைப் பக்கத்து பத்திரப்பன் அய்யாவுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது வள்ளி ஒயில் கும்மிக்காகத்தான். பிள்ளைக்குக் கும்மி பிடித்திருந்தால் விசாரித்துப் பாருங்கள். எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளும் குழுவாக இருக்கட்டும். பிடிக்கவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம்.

போனைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள், நானும் ஒரு வரியில் முடிக்கிறேன். சடை, சனிக்கிழமை, ஞாயிற்றுச் சமையல் மூன்றும் நிலைக்கும்வரை போனைப் பிடுங்கிச் சண்டை போடாதீர்கள், சாப்பாட்டு நேரத்திலும் படுக்கையிலும் மட்டும் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி கடைசி வரை பாருங்கள். அதற்குள் தோழி என்று ஒரு பெயராவது அவள் வாயில் வந்துவிட்டால் நல்ல குறி. அப்படி இல்லாமல் சாப்பாடு குறைவது, தூக்கம் கெடுவது, காலையில் அடிக்கடி வயிற்றுவலி என்று பள்ளிக்குப் போக மறுப்பது, பிடித்ததில்கூட ஆர்வம் போவது இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் பிப்ரவரி வரைகூடக் காத்திருக்க வேண்டாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டலாம். இரவு ஷிப்ட்டு முடிந்து வந்து பேச வேண்டுமென்றாலும் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. யாராவது அவளைத் துன்புறுத்துவதாகத் தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள். "செத்துப் போகலாம்போல இருக்கு" என்ற மாதிரி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்தால், விளையாட்டுக்குச் சொன்னாள் என்று விட்டுவிடாமல் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.